அமினியாசிக்கு எத்தனை பெட்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய பிஸ்கட் பெட்டியை வெட்டி முப்பத்தாறு அட்டைகள் செய்தது. சனிக்கிழமை காலை, சூவாவுக்குப் பக்கத்தில் நவுசோரி வீட்டுச் சமையலறை மேசை. நான் வெட்டினேன், அவர் வண்ணம் அடித்தார். மஞ்சள் வெனிலா. பழுப்பு இஞ்சி. வெள்ளை கெட்டி பிஸ்கட். கறுப்பு என்றால் அடுப்பு நிறுத்தம். கறுப்பில் எட்டு வேண்டும் என்றார்.

"எட்டா? அடுப்புக்குக் கருமாதியா பண்ணப்போறீங்க?"

"செவ்வாய்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ரெண்டாம் அடுப்பு நிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு அட்டை, நாலு நாளு. உள்ள ஓடற பெல்ட்ட மாத்தறோம்னு பழுது பார்க்கற ஷிவ்தத்துக்கு ரெண்டு வருஷமா வாக்குக் குடுத்துக்கிட்டே இருக்கேன். இந்தத் தடவையும் ஏமாத்தினேன்னா என்னையே அடுப்புல விட்டு அந்தப் பக்கம் எடுத்துருவான்."

"வெந்திருப்பீங்களா?"

"ஓரம் மட்டும்."

மாலையில் அப்பாவின் பிஸ்கட் ஆலைக்குப் போய், வாரத் திட்டப் பலகையில் பழைய அட்டைகளுக்குப் பதில் இவற்றை மாட்டினோம். அவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு மஞ்சள் அட்டையை நேராக்கினார். வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார், எழவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு. நான் பின்கட்டில், கிழங்கு புதைத்த குழியடுப்பில் ஆவி கசிந்த இடத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கிழங்கு வேக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, அதனால் வீட்டில் வேறு யாரும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் வேலையைப் பற்றி எழுதலாம்.

இருபத்தாறு வருடம் ஒரே பிஸ்கட் ஆலையில் உற்பத்தித் திட்டம் போட்டார். எந்த அடுப்பில், எந்த நாள், எந்த பிஸ்கட், எத்தனை பெட்டி. அவ்வளவுதான் வேலை. இதைச் சொன்னால் பெரும்பாலோர், "அதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்பார்கள். அப்பா, "அதுக்கு நாலு பேரு சண்டை போடறாங்க. நான் நடுவுல அடி வாங்கற ஆளு" என்பார்.

நால்வரில் முதலாமவர் முதலாளி கேதன்பாய். கிடங்கில் ஒரு பெட்டிகூடத் தூங்கக்கூடாது என்பார். இரண்டாமவர் விற்பனை பார்க்கும் ஈசிகெலி மாமா. எந்தக் கடைக்காரன் எதைக் கேட்டாலும் இன்றே வேண்டும் என்பார். மூன்றாமவர் பழுது பார்க்கும் ஷிவ்தத். இயந்திரங்கள் ஓடாமல் நின்றால்தான் அவருக்கு நிம்மதி. நான்காமவர் பொதிகட்டும் பிரிவின் தலைவி வாசிதி அத்தை. ஒரே பிஸ்கட்டை நாள் முழுக்க ஓட்டு, மணிக்கு மணி மாற்றி என் பெண்களின் உயிரை வாங்காதே என்பது அவர் கட்சி. நால்வர் சொல்வதும் நியாயம்தான். நான்கையும் சேர்த்துச் செய்ய வழி கிடையாது. நான் ஆக்லாந்தில் நான்கு வருடம் உட்கார்ந்து இதைக் கணித நிரூபணத்தோடு படித்தேன். அப்பா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

ஈசிகெலி மாமா அப்பாவுக்கு மச்சான் முறை. அதனால் அவர்கள் சண்டை கேட்க நன்றாக இருக்கும்.

"டேய் மச்சான், அன்னாசி கிரீம் ஐம்பது பெட்டி. இன்னிக்கே."

"உன் மண்டைக்குள்ள இருக்கற மரவள்ளிக்கெழங்க எடுத்துட்டு வா, அதுல கிரீம் தடவித் தர்றேன். வெனிலா ஓடுது. நடுவுல அன்னாசி விட்டா கழுவ மூணு மணி நேரம்."

"கழுவிக்கோயேன். உன் மூஞ்சியையும் சேத்துக் கழுவு, பாக்கறவங்களுக்காவது நல்லாருக்கும்."

எங்கள் பக்கம் மச்சான்கள் இப்படிப் பேசாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

வாசிதி அத்தை கதை நேர் எதிர். அவர் அப்பாவின் சித்தப்பா மகள், முறைக்குத் தங்கை. எங்கள் தீவில் அண்ணனும் தங்கையும் வளர்ந்தபின் நேருக்கு நேர் பேசக்கூடாது. கோபமில்லை, மரியாதை. டவுனுக்கு வந்தபின் பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. ஆனால் திட்டம் போடுகிறவரும் பொதிகட்டுகிறவரும் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பேசியாக வேண்டும்.

அதற்குத்தான் அந்தப் பலகை. தரம் சோதிக்க ஆலைக்கு வந்த வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அட்டை மாட்டி வேலை நடத்தும் இந்த ஜப்பானிய முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். அப்பா பணிவாக, "குடும்பத்துல" என்றார்.

பலகை அவர் அறைக்கும் பொதிகூடத்துக்கும் நடுச்சுவரில் இருந்தது. அப்பா அட்டை மாட்டுவார். அவர் உள்ளே போனபின் அத்தை வந்து பார்ப்பார். அட்டை தலைகீழாகத் திரும்பியிருந்தால் 'முடியாது'. துணிக்கவ்வி மாட்டியிருந்தால் 'ஆள் போதாது'. இரண்டு கவ்வி என்றால் 'ஆள் போதாது, கொஞ்சமாவது யோசித்தாயா?' ஒருமுறை ஒரு வெனிலா அட்டை ஒரே நாளில் பதினொரு தடவை திரும்பியது. தேநீர் இடைவேளையில் ஆட்கள் அதைப் பார்க்கவே நின்றார்கள். கடைசியில் அப்பா அட்டையைப் பக்கவாட்டில் மாட்டினார். பாதி நேரம் மட்டும் வெனிலா ஓடியது.

எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு அடுத்த வாரம் முடிவாகிவிடும். அதற்குப் பின் அட்டையைத் தலைகீழாகத் திருப்பலாம், கவ்வி மாட்டலாம். அப்பாவைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக்கூடாது. முதலாளியும் கழற்றியதில்லை.

படித்து முடித்த வருடம் அப்பாவுக்காக ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். மூன்று அடுப்பு, பதினெட்டு வகை, கழுவும் நேரம், எல்லாம் உள்ளே. ஏழு நொடியில் வாரத் திட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டாம் அடுப்புக்கு 'சுத்தம் செய்தல்' என்று அவர் வருடக்கணக்காக ஒதுக்கிய அரை நாளை அது வெட்டி எறிந்திருந்தது. அந்த நேரத்தில் யாரும் எதையும் சுத்தம் செய்வதில்லை என்று தரவு சொன்னது. பெருமையாகக் காட்டினேன்.

அப்பா நீண்ட நேரம் பார்த்தார். "நல்லாருக்கு. செத்தவங்களை எங்க படுக்க வைப்ப?"

அப்போதுதான் தன் நோட்டு ஒன்றைக் காட்டினார்.

இந்த ஊரில் சாவு வீடு என்றால் வாரம் முழுக்க ஆள் வரும். பாயோடு வருவார்கள், மரியாதைப் பொருளாகத் திமிங்கிலப் பல்லோடு வருவார்கள். வந்த அத்தனை பேருக்கும் தேநீரும் வெண்ணெய் தடவிய கெட்டி பிஸ்கட்டும் தரவேண்டும். கடை ரொட்டி கட்டுப்படியாகாது. கெட்டி பிஸ்கட்டை இரண்டாம் அடுப்பில் மட்டும்தான் சுட முடியும். வானொலியில் மரண அறிவிப்பு வரும்போதெல்லாம் அப்பா பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். இரங்குகிறார் என்று நினைத்து வளர்ந்தேன். கணக்குப் போட்டிருக்கிறார். நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. பெரிய தலைவர், இருநூறு பெட்டி. போதகர், முப்பது. தலைமையாசிரியர், இருபது. ரக்பி ஆடியவர், இருபத்தைந்து. நாட்டுக்காக ஆடியவர் என்றால் நாற்பது. மூன்று மனைவியோடு வாழ்ந்தவர், 'கேட்டுச் சொல்'. அந்த வாரச் சாவுகளுக்கு வேண்டியதை வெள்ளி பிற்பகல் சுடுவார். கிடங்கில் எதுவும் தூங்காது, சாவு வீட்டில் யாரும் வெறும் தேநீர் குடிக்க மாட்டார்கள். கேதன்பாய் பார்க்கும் தாளில் அது 'சுத்தம் செய்தல்'.

என் நிரலை அழித்துவிட்டேன். இப்போது சூவாவில் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். பம்புகளுக்கு உறவினர் கிடையாது.

திங்கள் காலை அமினியாசி என்று அப்பாவின் பெயர் வானொலியில் வந்தது. அடக்கம் சனிக்கிழமை. முற்றத்தில் தகரக்கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈசிகெலி மாமா, "பேரு வந்தாச்சுடா மச்சான், பென்சிலை எடு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

"மருமகளே, பிஸ்கட் இருக்கா?"

இல்லை. அடுப்பு நான்கு நாள் நிற்கப்போகிறதே என்று அப்பா போன வாரமே கூடுதலாகச் சுட்டு வைத்திருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போகும் லாவுத் தீவுகளின் கப்பலில் அதில் பெரும்பகுதி போனது. நாற்பது பெட்டியை மட்டும் திடீர்ச் சாவுகளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்.

"அந்த நாப்பது எங்க மாமா?"

துண்டு விலகவில்லை. "வெள்ளிக்கிழமை நான்தான் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிக் கப்பல்ல ஏத்தினேன். வேணாம்டா, யாராவது செத்துத் தொலைவாங்கன்னு சொன்னான். எவன் சாவப்போறான், நீயா சாவப்போறன்னு கேட்டேன்."

கடையில் எதிரிக் கம்பெனியின் கெட்டி பிஸ்கட் கிடைக்கும். அந்தப் பேச்சை எடுத்த ஒரு சித்தப்பாவை எல்லோரும் பார்த்த பார்வையில் அவர் கிழங்கு பார்க்க எழுந்து போய்விட்டார். இருபத்தாறு வருடம் ஊரார் சாவுக்கெல்லாம் பிஸ்கட் சுட்டவரை அடுத்தவன் பிஸ்கட்டோடு அனுப்புவதா? அப்படி அனுப்பினால் மச்சான் சவப்பெட்டியை உடைத்து எழுந்து வந்து தன்னைத்தான் அடிப்பான் என்றார் மாமா.

ஆக, இரண்டாம் அடுப்பை ஓட்ட வேண்டும், மாவு ஓர் இரவு புளிக்க வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமை. அதன் வரிசையில் நான் வெட்டிய எட்டு கறுப்பு அட்டைகள் தொங்கின.

பத்து மணிக்கு மாமாவோடு ஆலைக்குப் போனேன். பலகை முன்னால் மூன்று பேர் நின்றார்கள். கேதன்பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ என்ன முடிவு பண்ணாலும் சரிம்மா. மிச்சம் மட்டும் கிடங்குல நிக்க வேணாம்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

ஷிவ்தத்துக்குக் கண்கள் சிவந்திருந்தன. அழுகையா கோபமா தெரியவில்லை.

"இங்க பாரும்மா. நூறடி நீள அடுப்பு அது. பெல்ட்டுல மூணு ஒட்டு. மூணாவது ஒட்டு நூல்ல நிக்குது. உள்ள சூட்டுல அறுந்துச்சுன்னா மாவு அத்தனையும் கரியாப் போகும், தீயும் பிடிக்கலாம். அப்புறம் நாலு நாள் இல்ல, பதினஞ்சு நாள். உங்கப்பாவே ஒத்துக்கிட்டுத்தான் கறுப்பு போட்டாரு. போனவரு குடுத்த வாக்கும்மா."

"அவன் குடுத்த வாக்கு இருக்கட்டும்யா. அவனுக்கு நாம குடுக்க வேண்டியது?" என்று மாமா கத்தினார்.

"நெருப்பு பிடிச்சா அதையும் அவர் கணக்குலயே எழுதிடலாமா?"

வாசிதி அத்தை தள்ளி நின்றார். கறுப்பு உடை, மேலே வேலை அங்கி. என்னோடு பேச அவருக்குத் தடையில்லை. அத்தை, நீங்களே கழற்றுங்கள் என்றேன்.

"நான் மாட்டேன் கண்ணு. இருபத்தாறு வருஷமா உங்கப்பா போட்ட அட்டையத் திருப்பியிருக்கேன், கவ்வி போட்டிருக்கேன், மனசுக்குள்ள திட்டாத திட்டெல்லாம் திட்டியிருக்கேன். கழட்டினதில்ல. இப்ப அவரு இல்லாத நேரத்துல கழட்டினா அது திருட்டு." அங்கியை இழுத்துவிட்டார். "ஆனா அடுத்தவன் பிஸ்கட்ட அந்த வீட்டுல நான் தொடமாட்டேன். அதையும் சொல்லிட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மகள், பலகையைப் படிக்கத் தெரிந்தவள், சம்பளம் வாங்காதவள். தப்பானால் யார் மேலும் பழி வராது.

அப்பாவின் அறைக்குள் போய் நோட்டை எடுத்தேன். எத்தனை பெட்டி என்று தெரியாமல் எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாது. பட்டியலில் திட்டம் போடுகிறவர் என்று இல்லை. அருகில் வருவது ஒன்றுதான் இருந்தது. 'மேசை வேலை பார்ப்பவர், ஆறு.'

வெளியே வந்து சொன்னேன். ஈசிகெலி மாமா வாய் பிளந்தார்.

"ஆறு பெட்டியா? எனக்கு ஒருத்தனுக்கே பத்தாதே! இத்தனை வருஷம் ஊர்ல எவன் எவ்வளவு தின்னுவான்னு கரெக்டா சொன்ன பய, தன் சாவுக்கு ஆறுன்னு எழுதி வச்சிருக்கான் பாரு. முட்டாப்பய. மடப்பய."

"அறுபது" என்றார் அத்தை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "எழுபது போட்டுக்கோ."

அடுப்பு சூடேற நாலு மணி நேரம், ஆறு பெட்டிக்கும் அதுதான், எழுபதுக்கும் அதுதான். எழுபது பெட்டி ஓட நாலரை மணி. பெல்ட்டை வேகம் குறைத்து ஓட்டினால் ஆறு. ஷிவ்தத்திடம் கேட்டேன்.

"மெதுவா ஓட்டினா இழுவை எவ்வளவு குறையும்?"

"மூணுல ஒரு பங்கு குறையும்."

"பெல்ட் மேல மாவை மூணு வரிசை போட்டு நாலாவது வரிசைய விட்டா?"

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்ப எட்டு மணி நேரம் ஆகும். நான் கூடவே நடக்கணும்."

"நடப்பீங்களா?"

"அவருக்காக நடப்பேன். ஆனா புதன் காலைல அடுப்பு என்னோடது. போப்பே செத்தாலும் தரமாட்டேன்."

பலகைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையின் இரண்டு கறுப்பு அட்டைகளைக் கழற்றினேன். என் பம்புகளை நிறுத்தினால் ஒரு நகரத்துக்குத் தண்ணீர் நிற்கும், அதற்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. இரண்டு வெள்ளை அட்டைகளை மாட்டினேன். கறுப்பு இரண்டையும் அடுத்த திங்களுக்கு நகர்த்தினேன். பின்வாங்கி நின்றேன்.

வாசிதி அத்தை முன்னால் வந்தார். அங்கிப் பையில் கைவிட்டார். துணிக்கவ்வி வரப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. வெள்ளை அட்டை ஒன்றை விரலால் நேராக்கினார். பொதிகூடத்துக்குத் திரும்பி, "நாளைக்குக் கெட்டி பிஸ்கட், நாள் பூரா. லீவு கேக்கறவ இப்பவே கேளு, நான் குடுக்கப்போறதில்ல" என்று குரல் கொடுத்தார். மாவை அன்று பிற்பகலே பிசைந்து புளிக்க வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு பெல்ட் நகர்ந்தது. மூன்றாவது ஒட்டு சுற்றி வரும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம். ஷிவ்தத் அடுப்போடு நூறடி போவார், திரும்ப நூறடி வருவார். டக் சத்தம் வரும் இடத்தில் நின்று மூச்சைப் பிடிப்பார். மதியம் ஈசிகெலி மாமா அவருக்குச் சோறு கொண்டுவந்து கூடவே நடந்து ஊட்டாத குறையாகத் தந்தார். "சின்ன வயசுல என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படி நடந்து நடந்து சோறு குடுத்ததில்லைய்யா." "அதான் அவங்க உங்களை விட்டுட்டு சிட்னி போய்ட்டாங்க" என்றார் ஷிவ்தத், ஒட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொதிகூடத்தில் பெண்கள் முதல் ஒரு மணி நேரம் தலைநிமிராமல் அடுக்கினார்கள். பிறகு யாரோ அப்பாவின் நடையைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அதன்பின் சிரிப்பு நிற்கவில்லை. வாசிதி அத்தை மட்டும் சிரிக்காமல் பெட்டிகளை எண்ணினார். ஐந்து மணிக்கு எழுபத்திரண்டு. பெல்ட் அறுந்துபோகவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அறுபத்தெட்டு பெட்டி தீர்ந்தது. அத்தையின் கணக்கு சரி. அப்பாவின் கணக்கு தப்பு. திட்டத்தில் அவர் செய்த பிழைகளில் நான் அறிந்தவரை இதுதான் பெரியது.

ஆனால் புதன்கிழமை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஷிவ்தத் இரவெல்லாம் ஆறிய அடுப்பின் பக்கத் தகடுகளைக் கழற்றினார். பழைய பெல்ட்டை வெட்டி இழுத்துப் போட்டார். நிமிர்ந்து, "புதுசைக் கொண்டாங்கடா" என்றார். பண்டகசாலையில் அது இல்லை. பண்டகசாலைக்காரர் ஷிவ்தத்திடம் இருப்பதாக நினைத்திருந்தார். ஷிவ்தத் அங்கே இருப்பதாக நினைத்திருந்தார். எனக்குப் போன் வந்தது. சாவு வீட்டில் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து அப்பாவின் நோட்டைத் திருப்பினேன். திங்கட்கிழமைக்கு நேராக எழுதியிருந்தது: 'சூவா. கண் டாக்டர் 10 மணி. பிறகு துறைமுகம், பெல்ட், கையெழுத்துப் போட்டு எடு.' நோட்டுக்குள் ரசீது மடித்து வைத்திருந்தது.

அவர் திட்டத்தை அப்படியே மதித்திருந்தால் செவ்வாய்க்கிழமையே அடுப்பைப் பிரித்திருப்போம். பெல்ட்டும் இருந்திருக்காது, பிஸ்கட்டும் இருந்திருக்காது. இதை ஷிவ்தத்திடம் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் கேட்டேன்ம்மா" என்றார். "ரெண்டு வருஷம். கடைசில அடுப்பைக் குடுத்துட்டு பெல்ட்டை எடுத்துட்டுப் போய்ட்டாரு மனுஷன்." அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அது சிரிப்பாக இல்லை.

வெட்டிய பழைய பெல்ட்டை நான்காவது ஒட்டுப் போட்டு மறுபடி ஏற்றினார்கள்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை ரசீதோடு துறைமுகத்துக்குப் போனேன். சாளரத்தில் ஒரு பெண். ரசீதைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள்.

"பெட்டி இருக்கு. இது அமினியாசி பேர்ல இருக்கு. அவரே நேர்ல வரணும், அடையாள அட்டையோட."

"அவரால வர முடியாது."

"லீவுல இருக்காரா?"

"செத்துட்டாரு."

அவள் முகம் மாறியது. எழுந்து நின்று வருத்தம் சொன்னாள். நல்ல பெண். உட்கார்ந்தபின் ஒரு தாளில் எழுதித் தந்தாள்: மரணச் சான்றிதழ், கம்பெனிக் கடிதம், வாரிசு என்பதற்கு ஆதாரம், மூன்றிலும் முத்திரை. எவ்வளவு நாள் ஆகும் என்றேன். சான்றிதழுக்கு மூன்று வாரம் என்றாள்.

வாடகைக்கு எடுத்திருந்த லாரியைத் திருப்பி அனுப்பினேன். ரசீது என் பையில் இருக்கிறது. ஷிவ்தத் தினமும் காலையில் போன் செய்கிறார். பெல்ட் இன்னும் துறைமுகத்தில்தான் கிடக்கிறது, அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும் என்று காத்துக்கொண்டு.